பதினாறு பிட் அண்ணாச்சியும் பதினொன்னாம் நம்பர் ஜன்னலும்

ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் ஒட்டடை தொங்குது. கவிதை எழுதலாம்னு ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன், வரல. (உங்களுக்கு நல்ல நேரம்!) அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலான பொட்டி தட்டுறதப் பத்தியே ஒரு பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துட்டு வந்துருங்க.

இஞ்சினியரிங் முடிச்சு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேந்தவனுக்கு சொந்தக்காரங்க மத்தியில ஒரு பதவி கெடைக்கும். சம்பளம் கெடையாது, ரிட்டயர்மென்ட்டும் கெடையாது. நான் எழுதுறது ஏதோ ஒரு வெளிநாட்டு பேங்க்குக்கான நிரல்னு எத்தன தடவ சொன்னாலும், பந்தியில பக்கத்துல உக்காந்து "பிரிண்டர் மக்கர் பண்ணுதுல்லா"ன்னு தொடங்கிருவாங்க. அந்த வகையில 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப வந்து சேந்த வேலை இது.

ஊரு தூத்துக்குடி. மாமாவுக்கு அங்க ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ். தெரியாதவங்களுக்கு: கப்பல்ல சரக்கு ஏத்துறவங்களுக்கும் எறக்குறவங்களுக்கும் கஸ்டம்ஸ் வேலையெல்லாம் முடிச்சுக் குடுக்குற தொழில். பெரிய துறைமுகம் வழியா போற கன்டெய்னரும் உண்டு, பழைய துறைமுகத்துல இருந்து காய்கறி, வெங்காயம், கட்டுமான சாமான் ஏத்திட்டு மாலத்தீவுக்குப் போற தோணியும் உண்டு. ஆபீஸ்ல மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். ஆறுலயும் விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமா பாதுகாப்புத் திருத்தம் குடுக்குறது 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. தீபாவளி 20-ம் தேதி. நான் போய் எறங்குனது நடுவுல. மாமா விடுவாரா?

"மருமவனே, நல்லா ஓடிட்டு இருக்க பொட்டிய எதுக்குல மாத்தணும்? டீலர் ஆறு புதுப் பொட்டிக்கு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்கான். தோணியே வாங்கிரலாம் போல இருக்கு."

நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதிலத்தான் உங்களுக்கும் சொல்லப் போறேன்.

14-ம் தேதி ராத்திரி கம்ப்யூட்டர் ஒண்ணும் நின்னு போகாது. மறுநாளும் ஓடும், அடுத்த வருஷமும் ஓடும். ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அத அடைக்க ஆள் வராது. பழைய வீட்டுல கொத்தனார் வேலைய விட்டுப் போன மாதிரி. மழை பெய்யற வரைக்கும் வீடு நல்லாத்தான் இருக்கும்.

மழை எப்படிப் பெய்யும்னு 2017-ல பாத்தோம். மே 12-ம் தேதி வானாக்ரை வந்துச்சு. ஃபைலையெல்லாம் பூட்டி வச்சுட்டு காசு கேக்குற ரவுடி. எல்லாரும் அதுக்கு எக்ஸ்பியத்தான் பழி சொன்னாங்க. ஏன்னா எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014 ஏப்ரல் 8-லயே முடிஞ்சிருந்துச்சு. ஆனா மாட்டுனதுல பெரும்பாலானது விண்டோஸ் 7. அதுக்கு 2020 ஜனவரி 14 வரைக்கும் சப்போர்ட் இருந்துச்சு! அந்த ஓட்டைய அடைக்குற திருத்தமும் 2017 மார்ச்லயே வந்தாச்சு. ரெண்டு மாசமா போடாம வச்சிருந்தாங்க, அவ்வளவுதான். அதாவது பழசுங்கறது மட்டும் பிரச்சினை இல்ல, ஓட்டைய அடைக்காம விட்டதுதான் பிரச்சினை. சப்போர்ட் முடிஞ்சு போச்சுன்னா, நீங்க எவ்வளவு ஒழுங்கான ஆளா இருந்தாலும் அடைக்க வழியில்ல.

அதே வருஷம் ஜூன் 27-ல வந்தது நாட்பெட்யா. இது நம்ம தொழிலுக்கு ரொம்ப நெருக்கம். உக்ரைன்ல கணக்கு வழக்குக்குப் பயன்படுத்துற ஒரு மென்பொருளோட அப்டேட் வழியா நுழைஞ்சு, அப்ப உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனியா இருந்த மேர்ஸ்க்கையே படுக்க வச்சுது. மும்பை பக்கத்துல நவசேவா துறைமுகத்துல அவங்க குழும டெர்மினலும் நின்னுச்சு. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பத்தே நாள்ல மறுபடி நிறுவுனதா அவங்க தலைவர் 2018-ல டாவோஸ் கூட்டத்துல சொன்னாரு. இதுல ஒரு கூத்து: அவங்க நெட்வொர்க்குக்கு ஆணிவேரா இருந்த சர்வர்கள்ல தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. அது கானா நாட்டு ஆபீஸ்ல இருந்தது. ஏன் தப்பிச்சுது? அந்த நேரம் பாத்து அங்க கரண்ட் கட்! இனிமே நம்ம ஊரு மின்வாரியத்தத் திட்டுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிங்க :-)

மாமாவுக்கு வானாக்ரை புரியல. "மேர்ஸ்க்கா?"ன்னதும் நிமிந்து உக்காந்துட்டாரு. அப்புறம் என்ன, 18-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஷட்டர பாதி எறக்கிட்டு வேலையத் தொடங்குனோம். ஏன் சனிக்கிழமை? கப்பலுக்கு கட்-ஆஃப்னு ஒரு நேரம் உண்டு. அதுக்குள்ள கன்டெய்னர் கேட்டுக்குள்ள போயாகணும். ஷிப்பிங் பில் போடுற கம்ப்யூட்டர் அந்த நேரத்துல "தயவுசெய்து காத்திருக்கவும்"னு சுத்திட்டு இருந்தா, சரக்கு இங்கயே நிக்கும், அதுக்கு வாடகையும் ஏறும். கொழும்புல பெரிய கப்பல் மாறவேண்டிய சரக்குன்னா அங்கயும் வரிசை தப்பும். எந்த அப்கிரேடும் கப்பலோட நேரத்துக்கு அடங்கித்தான் ஆகணும்.

மொதல்ல கணக்கெடுப்பு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா எட்டாம் தலைமுறை சிப்பு வேணும், அது 2017 கடைசியிலதான் வந்துச்சு. அதோட டிபிஎம் 2.0-ங்கற சாவிப்பெட்டி, செக்யூர் பூட், 4 ஜிபி ராம். ஆறுல ரெண்டு 2019-ல வாங்குனது. அதுலயும் சோதனை "தகுதி இல்லை"ன்னு சிவப்புல காட்டுச்சு. பயாஸ்ல போய்ப் பாத்தா சாவிப்பெட்டி உள்ளயேதான் இருக்கு, அணைச்சு வச்சிருக்கு. ஆன் பண்ணதும் பச்சை. புதுப் பொட்டி வாங்க ஓடுறதுக்கு முன்னால உங்க வீட்டுலயும் இதப் பாத்துருங்க.

ரெண்டு 2016-ல வாங்குனது, ஆறாம் தலைமுறை. அதுக்கு வழி இல்ல. குறுக்கு வழி இருக்கு, இணையத்துல தேடுனா கெடைக்கும். ஆனா அப்படிப் போட்டா அப்டேட் தர்றதுக்கு உத்தரவாதமில்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. நம்ம வீட்டுப் பொட்டியில வித்தை காட்டலாம், அடுத்தவங்க பொழப்புல காட்டக்கூடாது. காசு கட்டி நீட்டிக்கலாம்னா, தொழில் நிறுவனங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு மொத வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் அதுல ரெண்டு மடங்கு, மூணாவது வருஷம் அதுலயும் ரெண்டு மடங்கு. மூணு வருஷத்துக்கு 427 டாலர். "மீட்டர் வட்டிலே இது"ன்னாரு மாமா.

அந்த ரெண்டுக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன். அதுல நடக்குறது மெயில், கடிதம், கப்பல் எங்க வருதுன்னு பாக்குறது, அவ்வளவுதான். கூடவே பழைய ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிட்டு எஸ்எஸ்டி. கேபினெட்டத் தெறந்தா உள்ள உப்புக்காத்து செஞ்ச வேலை! எங்க ஊருல உப்பளத்துல மட்டும் உப்பு வெளையாது, மதர்போர்டுலயும் வெளையும். ராம கழட்டி, அதோட பித்தளை நெறப் பல்ல ஸ்கூல் பையன் ரப்பர வச்சுத் தேச்சு மாட்டுனா பாதி வியாதி போயிரும். இஞ்சினியரிங்ல சொல்லித்தராத வைத்தியம்.

லினக்ஸ்னதும் எனக்கு ஒரு கொசுவத்தி. நான் பன்னெண்டாம் வகுப்புல அரசு இலவச லேப்டாப் வாங்குன கோஷ்டி. அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சென்னை சி-டாக் செஞ்ச நம்ம நாட்டு லினக்ஸ். எக்ஸ்பிக்கு மூடுவிழா நடந்த 2014-ல தமிழக அரசு தன் துறைகளையெல்லாம் இந்த பாஸுக்கு மாறச் சொல்லி ஆணையே போட்டுச்சு. அதுக்கும் முன்னால உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டுல இருந்தப்ப அங்க சூசே லினக்ஸக் கொண்டுவந்தாரு. எங்க வகுப்புல என்ன நடந்துச்சு? லேப்டாப் கைக்கு வந்த வாரமே பசங்க பாஸ அழிச்சுட்டு அந்த எடத்துல படம் ஏத்துனாங்க. சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம பொட்டிய மட்டும் குடுத்தா அதான் நடக்கும். பக்கத்துல கேரளாவுல வாத்தியார்களுக்கு மொதல்ல பயிற்சி குடுத்துட்டு பள்ளிக்கூடங்கள்ல லினக்ஸ் கொண்டுவந்தாங்க, இன்னிக்கும் ஓடுது. ஆபீஸ்ல நானும் அதத்தான் செஞ்சேன். டைப் பண்ற அக்காவ ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்கார வச்சு, அவங்க வழக்கமா செய்யுற எல்லா வேலையையும் அவங்க கையாலயே ஒரு தடவ செய்யச் சொன்னேன். "இம்புட்டுதானா"ன்னாங்க. அந்த ஒரு வார்த்த வந்தா போதும், மாற்றம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

தமிழ் எழுத்துரு ஒரு தனி அக்கப்போர். பழைய பதிவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எக்ஸ்பி காலத்துல தமிழ் கட்டம் கட்டமாத் தெரியும், சிடியப் போட்டு ஒரு பெட்டியில டிக் அடிச்சாத்தான் சரியாகும். இப்ப கட்டம் வராது. ஆனா விண்டோஸ் 2000-ல இருந்து கூட வந்த லதா எழுத்துரு இப்ப தானா வராது. தமிழ் துணை எழுத்துருக்கள்னு தனியா கேட்டு வாங்கிப் போடணும். போடலன்னா லதாவுல அடிச்ச கடிதத்துல பக்கம் எல்லாம் நகர்ந்து கையெழுத்து அடுத்த தாளுக்குப் போயிரும். பாமினியில அடிச்ச பழைய கடிதங்க இன்னும் மோசம். எழுத்துரு இல்லன்னா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். ஆபீஸ்ல அப்படிப்பட்ட கடிதம் ஏகப்பட்டது. எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தி வச்சேன். பாமினி ஃபைல் கையில இருக்கவங்க இப்பவே மாத்திருங்கப்பா.

ஆக நாலு ஆச்சு. அஞ்சாவது மாமாவோடது, அவருக்குப் புது லேப்டாப். இப்ப ஆறாவது. இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

ஆறாவது பொட்டி கணக்கு அண்ணாச்சியோடது. அறுபதத் தாண்டிட்டாரு. 1998-ல ஒருத்தர் எழுதிக் குடுத்த ஃபாக்ஸ்புரோ நிரல், டாஸ்ல ஓடுறது, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. எழுதுனவர் எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியல. பார்ட்டி கணக்கு, வர வேண்டிய பாக்கி, தோணி வாடகை எல்லாம் அதுலதான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் 'கிர்ர்ர்'னு மூணு காப்பி கார்பன் பில் அடிக்கும். அண்ணாச்சி மவுசத் தொட்டு நான் பாத்ததே இல்ல. விரல் பட்டன்ல ஓடுற வேகத்துக்கு எங்க கம்பெனியில ஒருத்தன் தேறமாட்டான்.

சிக்கல் என்னன்னா இது பதினாறு பிட் நிரல். 32 பிட் விண்டோஸ் 10 வரைக்கும் இதுக்கு உள்ளயே ஒரு திண்ணை போட்டு வச்சிருந்தாங்க. விண்டோஸ் 11-ல 32 பிட் பதிப்பே கெடையாது. திண்ணைய இடிச்சாச்சு.

மாமா சொன்னாரு: "இந்த சாக்குல அதயும் தூக்கிப் போட்டுருவோம்ல. புது சாஃப்ட்வேர் போட்டா ஒரு புள்ளைய வச்சே கணக்க முடிச்சிரலாம். அண்ணாச்சிக்கும் வயசாயிட்டு."

இதச் சொல்லும்போது அண்ணாச்சி ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருந்தாரு. நிமிந்து பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்குறேன், ஒரு நாப்பது பக்க நோட்ட எடுத்து வச்சு எழுதிட்டு இருக்காரு. என்ன அண்ணாச்சின்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒவ்வொரு பார்ட்டிக்கும் நான் போட்டு வச்சிருக்க நம்பருக்கு வெவரம் எழுதுறேன். பொறவு வர்ற புள்ள தடுமாறக்கூடாதுல்லா."

எனக்கு வாயில வார்த்தை வரல.

ஞாயித்துக்கிழமை காலையில மொதல்ல அந்த டேட்டாவ ரெண்டு எடத்துல காப்பி எடுத்தேன். காப்பி எடுத்தது தெறக்குதான்னும் பாத்தேன். (தெறந்து பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல, பிரார்த்தனை.) லிப்ரே ஆபீஸ்ல அந்த ஃபைல் நேரடியாவே தெறந்துச்சு. இருபத்தேழு வருஷக் கணக்கு, ஆயிரக்கணக்கான வரி. ஆனா ஒண்ணும் புரியல. இந்த வகை ஃபைல்ல ஒரு கட்டத்துக்குப் பத்து எழுத்துக்கு மேல பேர் வைக்க முடியாது. அதனால எல்லாமே சுருக்கெழுத்து. ஒரு கட்டத்துல வெறும் நம்பர்: 1, 2, 3, 7. நாலும் அஞ்சும் ஆறும் இல்ல. 7 மட்டும் ஏன்?

அண்ணாச்சியக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணுன்னா கைக்காசு. ரெண்டுன்னா முப்பது நாளு. மூணுன்னா நாப்பத்தஞ்சு நாளு, நாப்பதாவது நாளே போன் போடணும். ஏழுன்னா கேக்கக்கூடாது."

"கேக்கக்கூடாதுன்னா?"

"தோணிக்காரங்க தம்பி. மாலிக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் அவங்க கையில காசு. காத்து கடலப் பொறுத்து ஒரு மாசமும் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும். வந்து எறங்குன மறுநாள் தானா வந்து குடுப்பாங்க. ஆளு கடல்ல கெடக்கும்போது வீட்டுக்குப் பாக்கின்னு கடிதாசி போனா, வீட்டுல உள்ளவங்க என்ன நெனப்பாங்க? அதான் ஏழு."

டீலர் காட்டுன புது மென்பொருள்ல ஒரு வசதி இருந்துச்சு. பாக்கி முப்பது நாளத் தாண்டுனா தானாவே செல்போனுக்கு நினைவூட்டல் அனுப்பும். கூடவே வட்டியும் போடும். அந்தக் கட்டத்த "தேவையில்லாதது"ன்னு விட்டுட்டு டேட்டாவ மாத்தியிருந்தா, திங்கக்கிழமை தீபாவளியும் அதுவுமா கடல்ல இருக்க அத்தன பேரு வீட்டுக்கும் வட்டியோட ஒரு செய்தி போயிருக்கும்.

மாமாவக் கூப்பிட்டு உக்கார வச்சு அந்தக் கட்டத்தக் காட்டுனேன். ஏழு போட்ட பேரையெல்லாம் தனியா எடுத்து, அதுல வராக்கடன் எத்தனைன்னு அண்ணாச்சியவே கேக்கச் சொன்னேன். இத்தன வருஷத்துல ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டும் தோணி மூழ்குனது. மாமா ரொம்ப நேரம் திரையப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "இது எங்கப்பா காலத்துல வாய்ப்பேச்சா இருந்த ஏற்பாடுல்லா. இதயும் நம்பராக்கி வச்சிருக்கீரா?"ன்னாரு. அண்ணாச்சி, "வாய்ப்பேச்ச பொட்டி வாங்கிக்கிடாதே மொதலாளி"ன்னாரு.

முடிவு இதுதான்: விண்டோஸ் 11 போட்ட ஒரு பொட்டியில விடாஸ்பிளஸ்னு ஒரு இலவச எமுலேட்டர். டாஸ் காலத்து ஆபீஸ் நிரல்களுக்குன்னே செஞ்சது. அதுக்குள்ள அண்ணாச்சியோட கறுப்புத் திரை அச்சு அசலா வந்துருச்சு, பில் பிரிண்டரும் அதே 'கிர்ர்ர்'. பழைய பொட்டி நெட்வொர்க் வயர் புடுங்கி, ஒரு மாசம் சாட்சியா பக்கத்துல நின்னுச்சு. ரெண்டுலயும் கணக்கு ஒத்துப்போகுதான்னு பாத்து அப்புறமா ஓய்வு குடுத்தாச்சு. புது மென்பொருளும் வரும், ஆனா ஒரு வருஷம் கழிச்சு. அதுக்கு ஒரு பொண்ணச் சேத்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு அண்ணாச்சிதான் வாத்தியார். புதுசுல "ஏழு"க்கு ஒரு கட்டம் இருக்கணும்ங்கறது மொத நிபந்தனை.

எங்க கடல்ல கடைசியா அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதோட அந்தத் தொழிலுக்கும் சப்போர்ட் முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம். முத்துக் குளிச்சவங்க சங்கு குளிக்கப் போனாங்க. எந்தப் பார் எங்க இருக்கு, எந்த நீரோட்டத்துல எறங்கக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சதுல எவ்வளவு எழுத்துல இருக்கு? விண்டோஸ் 10 முடியறதால உலகம் பூரா 24 கோடி கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகலாம்னு கனாலிஸ்ங்கற ஆய்வு நிறுவனம் 2023-ல கணக்குச் சொல்லுச்சு. அந்தப் பொட்டிகளோட எத்தன "ஏழு" குப்பைக்குப் போகும்னு கணக்கெடுக்க யாரும் இல்ல.

உங்க ஆபீஸ்ல, அப்பா கடையில, ரேஷன் கடை பக்கத்து ஜெராக்ஸ் கடையில பழைய பொட்டி மாத்துறாங்கன்னா ஒரே ஒரு வேண்டுகோள். டேட்டாவக் காப்பி எடுக்குறதுக்கு முன்னால, அதுல தெனமும் உக்காந்து வேலை பாக்குற ஆளு பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காருங்க. ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி "இது எதுக்கு?"ன்னு கேளுங்க. அரை நாள் ஆகும். ஆகட்டும்.

டிஸ்கி: ரெண்டு நாள் வேலைக்கு மாமா குடுத்த கூலி ஒரு கிலோ மக்ரூன். பெங்களூர் வர்றதுக்குள்ள பாதி காலி. மீதிய ஆபீஸ்ல தெறந்தேன், அது பத்து நிமிஷத்துல காலி. அதுக்கு பேக்கப் எடுக்க முடியல :-(